அவர் சொன்ன 'சரி'

"மூணு வருஷத்துல கன்னு பெரிய எருமை ஆயிடும் தம்பி."

பெரியவர் சொன்னது இவ்வளவுதான். நான் உடனே, "ஆமாங்கய்யா, மூணே வருஷம்தான், ஓடியே போயிடும்" என்றேன். அவர் மழையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "சரி" என்றார்.

அந்தச் 'சரி'யைத்தான் எங்கள் புல்வெளி மீட்புத் திட்டத்தின் படிவத்தில் ஏற்றினேன். 'சமூகத்தின் ஒப்புதல் பெறப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் தேதியும் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர் என்ற கணக்கும் போட்டேன். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். எதுவும் பொய்யில்லை. ஆறு வருஷம் கழித்தும் அந்தப் படிவத்தில் ஒரு தப்பு வார்த்தையைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அதுதான் தொந்தரவாக இருக்கிறது.

திட்டம் நடந்தது ஒரு சதுப்பில். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம், எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) ஒன்றுக்குக் கீழே இருக்கும் சதுப்பு அது. மந்தின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இருப்பதே சில வீடுகள், யார் என்று உடனே தெரிந்துவிடும். சதுப்பு நான்கு ஏக்கர்கூட வராது. மேலே இருந்து பார்த்தால் புல்வெளியில் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். அடியில் கரிய மக்கு, செடிகொடி மக்கி மக்கிச் சேர்ந்தது. நீலகிரிச் சதுப்புகளில் இந்த மக்கை எடுத்து ஆராய்ந்துதான், 20 ஆயிரம் வருஷத்துத் தட்பவெப்பக் கதையை 1993இல் எழுதினார்கள். இந்தப் புல்வெளிகள் யாரோ காட்டை வெட்டியதால் வந்தவை இல்லை, சோலைக்காடுகளோடு சேர்ந்தே பல்லாயிரம் வருஷமாக இருப்பவை என்பதற்கு அந்த மக்குதான் பெரிய சாட்சி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்வதைக் குடித்து வைத்துக்கொண்டு, மார்ச் வரைக்கும் துளித்துளியாக விடும் நிலம். அதிலிருந்து வரும் ஓடை குந்தா ஆற்றில் சேர்ந்து, பவானிக்குப் போய், பில்லூர் அணையில் நிற்கிறது. என் கோயம்புத்தூர் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர் தண்ணீர். இதை நான் கூட்டங்களில் எப்போதும் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். நான் அந்தச் சதுப்பிடம் கடன்பட்டவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் செய்ய வேண்டியிருந்தது தெளிவான வேலை. சரிவில் இருந்த சீகை மரங்களை (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில்) எடுக்க வேண்டும், நாற்றங்காலில் வளர்த்த புல்லை நட வேண்டும், அது வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீகையை வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே இருக்கும் நிழல் போய் வெயில் பட்டால் போதும், முதல் மழையிலேயே மொத்தமும் முளைக்கும். தரையில் கை வைத்தால் கை மறைகிற அளவுக்கு நெருக்கமாக முளைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மண் ஈரமாக இருக்கும்போதே குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அடுத்த வருஷமும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருஷமும்.

அதனால்தான் வேலி. மூன்று வருஷத்துக்கு மட்டும், கல்தூண் நட்டு முள்கம்பி. எருமையும் மாடும் உள்ளே வரக்கூடாது.

இதைக் கேட்கத்தான் ஜூலை மாதம் ஒரு மத்தியானம் போனேன். பெரியவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம். நல்ல மழை, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே அவருடைய மருமகள் கதவோரம் உட்கார்ந்து தோடர் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிச் சால்வைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் எந்தக் கோடும் வரைந்துகொள்வதில்லை. நெய்த இழைகளைக் கண்ணாலேயே எண்ணி எண்ணி ஊசியை விடுவார்கள். அந்த எண்ணிக்கையில் இருந்ததால் அவர் பேச்சில் கலந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன். நானும் அவரைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பெரியவர் முதலில் கேட்டது, "எருமை எங்க போகும்?" மேலே சரிவு இருக்கிறதே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. "மூணு வருஷத்துல கன்னு பெரிய எருமை ஆயிடும்" என்றார்.

காலம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதற்கு அவர் சொன்ன உவமை என்றுதான் அதைக் கேட்டேன். ஒரு கன்று வளர்கிற நேரம்தானே, போகட்டும் என்று சம்மதிக்கிறார் என்று. நம் ஊரில் 'புள்ளை பொறந்தது நேத்து மாதிரி இருக்கு' என்று சொல்வோமே, அப்படி.

வேலி நின்றது. இரண்டு தடவை காட்டெருமை முட்டிச் சாய்த்தது, மறுபடியும் நட்டோம். புல் பிடித்தது. இரண்டாவது வருஷம் மழைக்காலத்தின் கடைசியில் சதுப்பின் ஓரத்தில், பூச்சி தின்னும் ட்ரோசெராவைப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத செடி, இலையில் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு பசை. அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது வருஷம் இன்னொன்று நடந்தது. தோடர் கோயிலுக்குக் கூரை வேய்வதற்கு ஒரு புல் வேண்டும். அது சதுப்பில் மட்டும் வளரும், வேறு எதையும் போட்டு வேய முடியாது. அவர்கள் மொழியில் அதன் பெயர் என் நாக்கில் சரியாக வந்ததே இல்லை. வேலிக்குள் அது இடுப்புயரம் வளர்ந்திருந்தது. மந்து ஆண்கள் வந்து கட்டுக்கட்டாக அறுத்துக்கொண்டு போனார்கள். இத்தனை புல் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு என்று பெரியவரே சொன்னார். என் அறிக்கையில் அந்தப் படம்தான் முதல் பக்கம்.

திட்டம் முடிந்ததும் சொன்ன சொல்படி வேலியை எடுத்தோம். அந்த வருஷம் எருமைகள் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை.

நான் விசாரித்தபோது பெரியவர் சாதாரணமாகச் சொன்னார். முன்னால் நடக்கிற கிழ எருமை செத்துவிட்டது. வழி தெரிந்த இன்னும் இரண்டைப் புலி அடித்துவிட்டது. "இப்ப இருக்கிறதெல்லாம் அன்னைக்குக் கன்னு. அதுகளுக்கு இந்த இடம் தெரியாது."

தோடர் எருமையைக் கட்டி வைத்து யாரும் தீனி போடுவதில்லை. அது பாட்டுக்குப் போகும், மேயும், சாயங்காலம் திரும்பும். எங்கே எந்த மாதம் தண்ணீர், எந்தச் சேற்றில் இறங்கலாம், எதில் இறங்கினால் எழ முடியாது என்பதெல்லாம் கன்று தாயின் பின்னால் நடந்து தெரிந்துகொள்வது. மூன்று வருஷம் ஒரு வழியை அடைத்தால் அந்த வழியை நடந்து பழகாத ஒரு தலைமுறை எருமை உருவாகிவிடும். பெரியவர் அன்றைக்குச் சொன்னது இதைத்தான். மூணு வருஷம் கொஞ்சம் என்று அவர் சொல்லவில்லை. மூணு வருஷம் ரொம்ப அதிகம் என்று சொல்லியிருக்கிறார். நான் 'ஆமாங்கய்யா' போட்டிருக்கிறேன்.

தோடர் கோயில் என்பது கறந்த பாலைத் தயிராக்கி, நெய்யாக்கும் இடம். எருமையும் பாலும்தான் அங்கே வழிபாடு. அதன் கூரைக்குப் புல் கிடைக்கச் செய்த வேலி, அந்தக் கோயிலின் எருமைகளை ஒரு நீரிடத்திலிருந்து பிரித்துவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலி போட்டிருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்ல வரவில்லை. அந்த வட்டாரத்தில் எத்தனை சதுப்பு கேரட்டும் உருளைக்கிழங்குமாக மாறியிருக்கிறது என்பது பேருந்து ஜன்னலிலிருந்தே தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், ஒரே கோடையில் சதுப்பு செத்துவிடும். எங்கள் தூண்கள் நின்ற மூன்று வருஷமும் அங்கே யாரும் வாய்க்கால் வெட்டவில்லை. சீகை நாற்று ஒன்றுகூட இடுப்புக்கு மேல் வளரவில்லை. வேலி இல்லாமல் சதுப்பே செத்திருந்தால், எருமை எங்கே வந்திருக்கும்?

ஆனால் இப்படி எழுதும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புதிதாக நட்ட சரிவுக்குத்தான் வேலி உண்மையில் தேவைப்பட்டது. சதுப்பையும் சேர்த்து வளைத்ததற்கு ஒரு காரணம், வளைத்தால்தான் 'பாதுகாக்கப்பட்ட பரப்பு' என்று கணக்குக் காட்ட முடியும். எருமைக்கு ஒரு வாசல் விட்டிருக்கலாம். யோசனையாக அது என் மனதில் வந்ததா, வந்து நான் தள்ளினேனா என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

போன வருஷம் துணிந்து கேட்டேன். "அய்யா, அன்னைக்கு நீங்க சரின்னு சொன்னீங்களே?"

"மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து கேட்டீங்க தம்பி. வேற என்ன சொல்றது?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடு தேடி வந்தவனிடம் எப்படி நடந்துகொள்வது என்று சொன்னார். உள்ளேயிருந்து மருமகள்தான் தொடர்ந்தார். "அன்னைக்கு ராத்திரி பூரா மாமா இதையேதான் பேசிட்டிருந்தாரு. நீங்க திரும்பி வந்து பேசுவீங்கன்னு நெனச்சோம்."

நான் மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனேன். கல்தூண் ஏற்றிய வண்டியோடு.

'சரி' என்பது எனக்கும் தாய்மொழிச் சொல்தான். என் அம்மா போனை வைக்கும்போது சரி என்பார். அப்பா, இனி பேசிப் பிரயோசனமில்லை என்றால் சரி என்பார். கேட்டுக்கொண்டேன் என்பதற்குச் சரி, யோசிக்கிறேன் என்பதற்குச் சரி, இப்போதைக்குப் போய் வா என்பதற்கும் சரி. வீட்டில் இத்தனை சரியும் பிரித்துத் தெரிகிற எனக்கு, அந்தத் திண்ணையில் மட்டும் ஒரே ஒரு அர்த்தம்தான் கேட்டது. அதுவும் பெரியவருக்குத் தமிழ் தாய்மொழிகூட இல்லை. என் வசதிக்காக என் மொழிக்கு வந்து பேசியவர் அவர்.

அவருக்கு முன்னால் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. புல்வெளியைத் தரிசு என்று எழுதினார்கள். வருஷத் தொடக்கத்தில் பழம்புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கத்தைச் சட்டம் நிறுத்தியது. மரமில்லாத இடமெல்லாம் வீண் என்று சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மின்சாரத்துக்கு அணைகள் வந்து பள்ளத்துப் புல்லெல்லாம் தண்ணீருக்குள் போனது. நான் கேட்டேனே என்று சில நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வேறு சில நாள், வந்த எல்லாருமே நல்லதுக்குத்தான் என்று நம்பி வந்தவர்கள்தானே என்றும் தோன்றும்.

இப்போது புதிய ஆட்கள் வேலைக்குச் சேரும்போது, ஒரே இடத்துக்கு மூன்று தடவையாவது போங்கள், வெறுங்கையோடு போங்கள், பெண்களிடம் தனியாகக் கேளுங்கள் என்று சொல்லித் தருகிறேன். ஆனால் நிதி வருவது காலாண்டுக் கணக்கில். புல் நடுவதற்கு மழை நிற்கும்முன் இரண்டு மாதம்தான். மூன்று தடவை போய்க்கொண்டிருந்தால் அந்த வருஷ நடவு போய்விடும், சீகைக்கு இன்னொரு வருஷம் கிடைத்துவிடும். இதையும் நானேதான் அவர்களிடம் சொல்கிறேன். அவர்கள் குழம்பிப்போய்ப் பார்க்கிறார்கள்.

இந்த ஏப்ரலில் போயிருந்தபோது, பெரியவரின் பேரன் எருமைகளைச் சதுப்புக்கு இறக்கிப் பழக்கிக்கொண்டிருந்தான். பத்தாவது படிக்கிறான், பரீட்சை முடிந்த விடுமுறை. கையில் உப்பு. ஒரு இளம் எருமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தான், அது கன்றோடு பின்னால் வந்தது. கல்தூண்கள் இருந்த வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. தூணும் இல்லை, கம்பியும் இல்லை, குழிகள்கூட மூடி அதன்மேல் புல் முளைத்துவிட்டது. ஆனாலும் அதே கோட்டில் நின்றது. மூக்கை நீட்டிக் காற்றை மோந்தது. இந்த எருமைகள் கன்றாக இருந்தபோது இங்கே கற்றுக்கொண்டது அந்தக் கோட்டை மட்டும்தான்.

பையன் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் ஈரத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினான். எருமை கழுத்தை மட்டும் நீட்டி உப்பை நக்கிவிட்டு, மெதுவாகத் திரும்பி மேட்டுப் பக்கம் ஏறத் தொடங்கியது. கன்றும் கூடவே போனது.

"இன்னைக்கு இவ்வளவுதான்" என்றான். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு அவற்றின் பின்னாலேயே ஏறிப் போனான்.