ரைடேல் தேவாலயங்கள்: டார்ச்சும் திசைகாட்டியும் வைத்துச் செய்து பார்த்தவை

இங்கிலாந்தின் நார்த் யார்க்‌ஷயரின் ரைடேல் பகுதியில் முதலில் படமெடுக்க எடுத்துக்கொண்டது கிர்க்டேலில் உள்ள புனித கிரிகோரி கோயிலின் சூரியக் கடிகாரக் கல். தெற்கு வாசலுக்கு மேலே, மண்டபத்துக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் மண்டபம் கட்டிவிட்டதால் இப்போது அதன்மேல் வெயில் விழுவதில்லை.

கல்லில் உள்ளது பழைய ஆங்கிலக் கல்வெட்டு. இடிந்து கிடந்த கோயிலைக் காமலின் மகன் ஓர்ம் வாங்கி, அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினான் என்கிறது. எட்வர்ட் அரசன், டோஸ்டிக் பிரபு காலம் என்றும் சொல்கிறது. டோஸ்டிக் நார்தம்ப்ரியா பகுதியின் பிரபுவாக இருந்தது 1055 முதல் 1065 வரை. ஆக, கட்டிய காலம் பத்தாண்டுக்குள் சிக்கிவிடுகிறது. இந்த வயதுள்ள கட்டடத்துக்கு இவ்வளவு துல்லியம் கிடைப்பது பெரும் பேறு.

நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 100, துளை எஃப் 8, திறப்பு நேரம் இரண்டு நொடி வைக்கலாம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். இடப்பக்க ஒளியில் மட்டும் எடுத்தது வீணானது: நிமிர்ந்த கோடுகள் நிழலோடு எழும்பின, படுக்கைக் கோடுகள் காணாமல் போயின. ‘டீ’ எழுத்து தலையிழந்து ‘ஐ’ ஆகிவிட்டது. மேலிருந்து ஒளி போட்டதும் அந்தத் தலைக்கோடு வந்தது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் இடம், வலம், மேல், கீழ் என நாலு படம். டார்ச் மிக அருகே இருந்தால் ஒரு ஓரம் வெளுக்கும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் பிடிப்பது நல்லது. கல் நீளமானது என்பதால் இடப்பக்கம், நடுவிலுள்ள கடிகாரம், வலப்பக்கம் என மூன்றாகப் பிரித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படும்படி எடுக்க வேண்டும். காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பது கூடவே கூடாது; கல் உதிரும்.

அடுத்து, 1132-இல் தொடங்கிய ரீவோ மடம்; சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையுடையது. கோயில் என்றால் கிழக்கு மேற்காக இருக்கும் என்று நம்பி வரைபடம் போட்டால் எல்லாம் தப்பாகும். ரை ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுகலானது. அதனால் கட்டடம் ஏறக்குறைய வடக்கு தெற்காகத் திரும்பியிருக்கிறது, பலிபீட முனை தெற்குப் பக்கம். கைபேசித் திசைகாட்டி இரும்புக் கம்பி வேலிக்கருகே ஆடும். பத்தடி தள்ளி நின்று மூன்று முறை பார்க்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது பைலண்ட் மடம். மேற்குச் சுவரின் வட்டச் சாளரத்தில் கீழ் வளைவு மட்டுமே மிச்சம். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் வளைவின் இரு முனைகளை இணைக்கும் நாணையும், நாணின் நடுவிலிருந்து வளைவு வரையுள்ள ஆழத்தையும் அளந்தால் ஆரம் வந்துவிடும்: பாதி நாணின் வர்க்கத்தை ஆழத்தின் இருமடங்கால் வகுத்து, பாதி ஆழத்தைக் கூட்டினால் போதும். நாண் 20 அடி, ஆழம் 4.7 அடி என்றால் ஆரம் 13 அடி, அதாவது விட்டம் 26 அடி. சாளரத்துக்குச் சொல்லப்படும் அளவும் அதுதான். கீழிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் ஆழம் சுருங்கி, ஆரம் கூடிவிடுகிறது. இன்னும் பின்னால் போய், நீளக் குவிய லென்ஸில் மறுபடி எடுக்க வேண்டும்.