ஏற்காடு கடைசியில் மேலே தட்டையாக நின்றது

மூன்று வாரமாக உயிரை வாங்கிய சேர்வராயன் மலை நேற்று ராத்திரி ஓப்பன்டிடிடி (ரயில், சாலை போட்டு ஊர்களை இணைக்கும் கணினி ஆட்டம்) வரைபடத்துக்குள் சரியாக வந்து உட்கார்ந்தது. மேலே ஏற்காடு இருக்கும் பரந்த மேட்டுநிலம், தெற்கே சடாரென்று இறங்கும் சரிவு, அடியில் சேலம். காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மலை நேர் எதிரே இருக்கும். திரையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டு வந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது லேடீஸ் சீட் பக்கம்தானே?" என்று விரலை வைத்துக் காட்டினான். அதில் நான் ஒரு ஊர்ப் பெயர்கூட இன்னும் போடவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நில உயரத் தரவு வழக்கமான எஸ்ஆர்டிஎம்தான், அதாவது விண்ணோடத்தின் ரேடார் அளந்த உயரங்கள், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சேலமும் ஏற்காடும் ஒரு டைலில் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி தரவுத் துண்டு) வந்துவிடும். மேட்டூர் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் பக்கத்து டைலையும் சேர்த்து ஒட்ட வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் யூடிஎம் முறையின் மண்டலம் 43, 44 இரண்டும் பிரிவதும் அதே 78இல்தான். மேட்டூர் கொஞ்ச தூரம்தான் வெளியே என்பதால் எல்லாவற்றையும் 44இலேயே வைத்துக்கொண்டேன். ஆட்டத்தில் 1024க்கு 1024 கட்ட வரைபடம், கட்டத்துக்கு 60 மீட்டர்.

சிக்கல் உயரத்தில் வந்தது. உச்சி ஏறத்தாழ 1,620 மீட்டர், சமவெளியின் தாழ்ந்த இடத்தை 200 என்று வைத்தேன். ஆட்டத்தில் 255 உயரப் படி கிடைக்கிறதே என்ற ஆசையில் முழுவதையும் கொடுத்தேன். ஒரு படிக்கு ஐந்தரை மீட்டர், எவ்வளவு நுணுக்கமாக வரும்! வந்தது ஒரு கூம்பு. ஏற்காட்டையே காணோம். அடுத்தடுத்த கட்டங்களுக்கு நடுவே ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த ஆட்டம் உயரமான பக்கத்தைச் செதுக்கி இறக்கிவிடும். 60 மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர்தான் ஏறலாம் என்றால், அடிவாரத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு 1,100 மீட்டர் ஏற கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வேண்டும். நிஜ மலை அதைச் சில கிலோமீட்டருக்குள் ஏறிவிடுகிறது. அதனால்தானே சாலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. நாலு பக்கமும் செதுக்கிக்கொண்டே வந்து நடுவில் கூர்முனைதான் மிஞ்சியது.

சரி, 40 படி என்று குறைத்தேன். மலை அழகாக வந்தது, ஆனால் சேலம் தோசைக்கல் ஆகிவிட்டது. படிக்கு 35 மீட்டர் என்றால் ஊருக்குள் இருக்கும் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. இதற்கும் அதற்கும் நடுவே 50, 70, 80 என்று பத்து நாள் போனது.

உயரத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பிரிக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மொத்தம் 60 படி. 400 மீட்டர் வரைக்கும் 20 படி. அதாவது படிக்குப் பத்து மீட்டர். அதற்கு மேலே 40 படி. படிக்கு முப்பது மீட்டர். சமவெளிக்கு நுணுக்கம், மலைக்குச் செங்குத்து. 400 என்பது அடிவாரம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது, அதனால் அளவு மாறும் இடம் கண்ணில் படவில்லை. ஆட்டம் உயரத்தைச் சாம்பல் நிறப் படமாகத்தான் வாங்கும், கறுப்பு தாழ்வு, வெள்ளை உயரம். இந்தப் பிரிப்பைப் படமாக மாற்றிய பிறகு படத் திருத்தியின் வண்ண வளைவில் செய்யாதீர்கள். 8 பிட்டுக்கு (256 சாம்பல் அளவு) இறங்கிவிட்ட படத்தை இழுத்தால் சமவெளியில் வரிவரியாக வரும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரிலேயே 400க்குக் கீழே 1 முதல் 85, மேலே 85 முதல் 255 என்று சூத்திரம் போட்டு, கடைசியில் 8 பிட் ஆக்குங்கள். அளவு 0 இருந்தால் அங்கே கடல் வந்துவிடும், அதனால்தான் 1இலிருந்து தொடக்கம்.

மேட்டுநிலம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. ரேடார் மரத்தின் தலையையும் நிலமாக எடுத்துக்கொள்ளும். காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எவ்வளவு உயரம் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எண்ணம்.

கஞ்சமலையில் இரும்புத் தாதுச் சுரங்கம் வைத்துவிட்டேன், அடியில் உருக்காலை. நிஜத்திலும் மலையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது, அடிவாரத்தில் ஆலை என்று இருப்பதால் கற்பனைக்கு வேலையே இல்லை. ஓமலூர் வழியாக மேட்டூர் கிளை ரயில் பாதையும், லோக்கூர் மலைப்பாதையும் அடுத்து. லோக்கூர் ஏற்றத்தில் சரக்கு ரயில் திணறுவதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். 70 வளைவு உள்ள கொல்லிமலைக்கு இந்த முப்பது மீட்டர் போதுமா என்று இப்போதே மனசு அங்கே ஓடுகிறது.

அதற்கு முன்னால் ஆறுகள். சேர்வராயனில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாற்றைக் கையால் இறக்கிக்கொண்டிருக்கிறேன். சமமான கட்டத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்த கட்டத்திலும்தான் ஆறு நிற்கும், மூலை சாய்ந்தால் நிற்காது. ஒவ்வொன்றாகத் தட்டிச் சரி செய்ய வேண்டியிருக்கிறது. இன்று சாயங்காலம் வரை அடிவாரம் தாண்டி வந்திருக்கிறது.