கலைக்கப்போகிற கட்டடம்

கண்காட்சி வடிவமைப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது பேனரும் வண்ண விளக்கும்தான். கட்டடக் கலை படித்துவிட்டு இதற்கு ஏன் போனாய் என்று கூடப் படித்தவர்களே கேட்பார்கள். இத்தனை காலம் இதில் இருந்த பிறகு என் பதில் உறுதியாகிவிட்டது: இதுவும் கட்டடக் கலைதான், அதிலும் மனித உடம்புக்கு மிக நெருங்கிய பிரிவு. கூரை, அஸ்திவாரம், மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ பார்த்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சுவது, வருபவர் எந்தப் பக்கம் திரும்புவார், எவ்வளவு தள்ளி நின்று பார்ப்பார், எங்கே கால் வலித்து உட்கார இடம் தேடுவார் என்ற கணக்கு.

அந்தக் கால்வலியைப் பற்றி 1916-லேயே எழுதிவிட்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன், காட்சிப் பேழைகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, முதுகை வளைத்துத் திண்டாடுகிறார் என்பதைப் புகைப்படங்களாகவே வெளியிட்டார். என்னோடு புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் படங்களைத்தான். வரைபடத்தில் எந்தப் பேழையும் அழகாகவே இருக்கும். அதனால் நாங்கள் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டையில் பேழையைச் செய்து நிறுத்தி, அதைச் சுற்றி நடந்து பார்ப்போம். உயரமானவர், குட்டையானவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்று எல்லோரும் படித்துப் பார்த்த பிறகுதான் லேபிளின் உயரம் முடிவாகும்.

இந்த வேலையில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது வெளிச்சம். காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றின் மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விழக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போவது. பாதி வெளிச்சம் கொடுத்தால் அதே சேதத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். வெளிறிய மை திரும்பி வராது. ஆனால் வெயிலிலிருந்து நேராக உள்ளே வருபவருக்கு 50 லக்ஸ் என்பது இருட்டு. "ஒன்றுமே தெரியவில்லையே" என்பார். விளக்கைக் கூட்ட முடியாது. சரி, வேறென்ன செய்வது? அங்கேதான் கட்டடக் கலை வேலைக்கு வருகிறது. வாசலுக்கும் அந்த அறைக்கும் நடுவே திருப்பங்களோடு ஒரு பாதை அமைக்கிறோம். சுவரின் நிறம் போகப்போக அடர்த்தியாகிறது, விளக்குகள் படிப்படியாக மங்குகின்றன. வழியில் படிக்க ஏதாவது வைத்து நடையைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறோம். கண் பழகிய பிறகு உள்ளே போனால், அதே 50 லக்ஸில் ஏட்டின் எழுத்து தெளிவாகத் தெரியும். அறைக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு ஜன்னலோ பளிச்சென்ற திரையோ கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அத்தனை பாடும் வீண். பேழைக் கண்ணாடியில் பார்ப்பவரின் வெள்ளைச் சட்டையே பிரதிபலிக்கும் என்பதால், அவர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் விழாதபடி ஸ்பாட்லைட்டைத் திருப்புகிறோம். இதற்காக ஏணி மேல் கழியும் இரவுகளை நான் விரும்பியே ஏற்கிறேன்.

அப்புறம், பொருள் பாதுகாப்பு நிபுணர்கள். வடிவமைப்பாளர்கள் பலர் இவர்களைத் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இவர்கள்தான் ஆசிரியர்கள். கம்பளி ஃபெல்ட் விரித்த பேழையில் வெள்ளி கறுத்துப்போகும், ஏனென்றால் கம்பளியில் கந்தகம் உண்டு. சில மரங்களிலிருந்தும் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலிருந்தும் கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பெயிண்ட் அடித்த பேழையை உடனே மூடாமல் நன்றாகக் காற்றாட விட வேண்டும். திறப்பு விழா நெருங்கும்போது இந்த அவகாசத்தில்தான் எல்லோரும் கை வைப்பார்கள். அங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது.

முன்னோடிகளில் நான் அதிகம் திரும்பிப் போவது இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பாவிடம். வெரோனாவின் காஸ்டெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில், அந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட கான்கிராண்டே குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலையை அவர் கட்டடத்துக்கு வெளியே ஒரு கான்கிரீட் மேடையில் நீட்டி வைத்தார். கீழிருந்து, பக்கத்திலிருந்து, பாலத்திலிருந்து என்று ஒரே சிலை வெவ்வேறு முகம் காட்டும். சிலையை எங்கே வைப்பது என்ற கேள்விதான் அங்கே கட்டடத்தையே தீர்மானித்திருக்கிறது. கட்டடக் கலைஞர் லினா போ பார்டி, பிரேசிலின் சாவ் பாலோ கலை அருங்காட்சியகத்தில், 1968-இல், ஓவியங்களைச் சுவரிலிருந்தே இறக்கிக் கண்ணாடித் தாங்கிகளில் நிறுத்தினார், குறிப்பு பின்பக்கம். முதலில் ஓவியத்தைப் பார், பிறகு யார் வரைந்தது என்று தெரிந்துகொள் என்கிற துணிச்சல் அது. 1996-இல் அகற்றப்பட்ட அந்தத் தாங்கிகள் 2015-இல் திரும்ப வந்தன.

எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. ஜெர்மன் வடிவமைப்பாளர்களான மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் 1929-இல் ஒரு கண்காட்சிக்காக அமைத்த அரங்கமான பார்சிலோனா பெவிலியன் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டது; 1986-இல் அது மீண்டும் எழுந்தது. ஆனால் இதே இருவரும் பட்டாலும் வெல்வெட்டாலும் திரையிட்டு அறை பிரித்த 1927 பெர்லின் கண்காட்சி அரங்கை இன்று புகைப்படங்களில்தான் பார்க்க முடிகிறது. கண்காட்சி வரைபடங்களைப் பெரும்பாலான அலுவலகங்கள் வேலை முடிந்ததும் தூக்கிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. கட்டடம் என்றால் பத்திரப்படுத்துவோம் இல்லையா? நாங்கள் ஆணியும் பசையும் குறைத்து, போல்ட் போட்டுத்தான் கட்டுகிறோம், பலகைகள் அடுத்த வேலைக்கும் ஆகட்டும் என்று. பிரிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் அளந்து, படமெடுத்து, ஒவ்வொரு பொருளின் மீதும் விழுந்த லக்ஸ் அளவைக் குறித்துக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் தச்சரை உள்ளே விடுகிறோம்.