முதலில் பல்பைத் தொட்டுப் பாருங்கள்

சித்திரை பிறக்க நாலு நாள் இருந்தது. யாங்கோனில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். சான்பியா மீன் சந்தைப் பக்கம் கோல்ட் ரூம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "கம்ப்ரசர் கடகடங்குது தம்பி. ரூம் கூலிங்காத்தான் இருக்கு. அந்த வால்வை ரெண்டு திருகு திருகிவிட்டுப் போங்க."

போய்ப் பார்த்தால் கம்ப்ரசர் உடம்பெல்லாம் வெள்ளையாக ஐஸ். அதைப் பார்த்து நல்ல கூலிங் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சக்‌ஷன் கேஜில், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில், 37 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் குளிரூட்டும் ஆர்-22 கேஸ் திரவத்திலிருந்து கொதிப்பது மைனஸ் 10 டிகிரியில். ரூமைக் குளிர வைக்கும் காயிலை விட்டு வெளியே வரும் பைப்பில் தெர்மாமீட்டர் காட்டியது மைனஸ் 9. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சூப்பர்ஹீட். ஐந்தாறு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அப்படியென்றால் கொதித்து முடியாத திரவம் கம்ப்ரசருக்குப் போகிறது. திரவத்தை அமுக்க முடியாது, கம்ப்ரசருக்குள் இருக்கும் வால்வு பிளேட் உடையும். உடையாவிட்டாலும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய் பேரிங்கைத் தேய்த்துவிடும்.

அண்ணன் திருகச் சொன்னது எக்ஸ்பான்ஷன் வால்வை; காயிலுக்குள் எவ்வளவு திரவம் போக வேண்டும் என்று அளந்து விடுவது அதுதான். அதன் தலையில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. காயிலை விட்டு வரும் பைப்போடு கட்டிய பல்பு (விளக்கு பல்பு இல்லை, சூட்டை உணரும் சின்ன உலோகக் குப்பி) சூடானால் அதற்குள் இருக்கும் கேஸ் விரிந்து தகட்டை மேலிருந்து அமுக்கும், வால்வு திறக்கும். கீழிருந்து காயிலின் அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மூடப் பார்க்கும். பைப் சூடானால் திரவம் கூடும், குளிர்ந்தால் குறையும். ஸ்குரூவைத் திருகும்போது நாம் மாற்றுவது ஸ்பிரிங்கின் பலத்தை மட்டும்தான். இறுக்கினால் சூப்பர்ஹீட் கூடும். அளவுக்கு மீறினாலும் ஆபத்து: காயிலின் கடைசிப் பாதி சும்மா கிடக்கும், திரும்பி வரும் கேஸின் குளிர்ச்சியில் ஓடுகிற கம்ப்ரசரும் கொதிக்கும்.

அதனால் ஸ்குரூவுக்கு முன்னால் பல்பைத் தடவினேன். கிளாம்ப் அறுந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது, சுற்றியிருந்த இன்சுலேஷனும் கிழிந்து போயிருந்தது. பாவம், அது பைப்பின் குளிரை அறியவே இல்லை. காற்றின் சூட்டை வாங்கி, இன்னும் திற, இன்னும் திற என்று வால்வுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பைப்பை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பல்பைச் செம்புப் பட்டையால் இறுக்கினேன். பெரிய பைப் என்பதால் கடிகாரத்தில் நாலு மணி முள் நிற்கிற இடத்தில் வைத்தேன். அடியில் வைத்தால் அங்கே ஓடும் எண்ணெய் பல்பை ஏமாற்றிவிடும். புது இன்சுலேஷன் சுற்றிவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தேன். இடையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதால் மறுபடியும் இருபது நிமிஷம்.

33 பிஎஸ்ஐ, அதாவது மைனஸ் 12. பைப் மைனஸ் 6. சத்தம் அடங்கியிருந்தது.

"வால்வைத் திருகலையா தம்பி?" என்றார் அண்ணன்.

"தேவைப்படலண்ணே."

பேனல் கதவின் உள்பக்கம் பழைய அளவு, புது அளவு, தேதி மூன்றையும் மார்க்கரால் எழுதினேன். கீழே 'ஸ்குரூவைத் தொடவில்லை' என்றும் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.