ஸ்ப்ளிட் நகரத்தைக் கீழ்த்தளத்தில் இருந்து படியுங்கள்

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்துக்குப் போகிறவர்களில் நிறைய பேர் முதல் வேலையாக மணிக்கோபுரத்தில் ஏறிவிடுகிறார்கள். அந்த ஊரின் சரித்திரம் பிடிபட வேண்டும் என்றால் ஏறக்கூடாது, இறங்க வேண்டும் என்பேன். கடற்கரையை ஒட்டிய நடைபாதையில் இருந்து, ரோமப் பேரரசர் ஒருவரின் பழைய மாளிகையின் வெண்கல வாசலுக்குள் நுழைந்தால் நேராகக் கீழ்த்தளத்துக்குத்தான் போவீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

கி.பி. 305இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தானாகவே பதவியைத் துறந்துவிட்டு, தான் பிறந்த பகுதியிலேயே கட்டிய மாளிகைக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம், பாதி அரண்மனை, பாதி கோட்டை. நிலம் கடலை நோக்கிச் சரிகிறது, பேரரசர் வசிக்கும் தெற்குப் பகுதியோ மற்ற பகுதிக்குச் சமமான மட்டத்தில் இருக்க வேண்டும், அதனால் கீழே வளைகூரை மண்டபங்களைக் கட்டி அதன் மேல் அறைகளை எழுப்பினார்கள். மேலே சுவர் வரும் இடத்தில் கீழேயும் சுவர், மேலே கூடம் என்றால் கீழேயும் கூடம். மேலே இருந்த அறைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. கீழே இருப்பவை அப்படியே நிற்கின்றன. ஆக, கீழே நடக்கும்போது காணாமல் போன பேரரசரின் வீட்டுக்குள் அறை அறையாக நடக்கிறீர்கள்.

சரி, கீழ்த்தளம் மட்டும் எப்படித் தப்பித்தது? குப்பையால். 7ஆம் நூற்றாண்டில் பக்கத்துப் பெருநகரமான சலோனா, படையெடுத்து வந்த அவார், ஸ்லாவிய இனத்தவர் கையில் அழிந்தபோது, தப்பி வந்த மக்கள் இந்த மாளிகைச் சுவருக்குள் குடியேறினார்கள். மேலே வீடு கட்டி வாழ்ந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கழிவை எல்லாம் கீழே தள்ளினார்கள். மேற்குப் பக்கத்துப் பெரிய மண்டபங்களில் நின்று அண்ணாந்து பாருங்கள், வளைகூரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓட்டைகள் தெரியும், ஓரம் கரடுமுரடாக, யாரோ கையால் உடைத்தது போல. அவற்றின் வழியாகத்தான் குப்பை விழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய அளவில் அள்ளி எடுக்கும்வரை அந்தக் குப்பையே மண்டபங்களை நிரப்பிக் காத்து வைத்திருந்தது. எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்தவை அந்த ஓட்டைகள்தான். அரண்மனை எப்படி ஊராக மாறியது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகின்றன.

ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டிடக் கலைஞர் 1757இல் இங்கே வந்து சில வாரங்கள் தங்கி அளவெடுத்தார், கோட்டையை வேவு பார்க்கிறாரோ என்று அப்போது ஊரை ஆண்ட வெனிஸ் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அவர் 1764இல் வெளியிட்ட வரைபடங்கள் மிக அழகானவை. ஆனால் கீழே குப்பை நிரம்பியிருந்த காலம் அது, பேரரசரின் அறைகளை அவர் பெரும்பகுதி ஊகித்துத்தான் வரைய முடிந்தது. அவருக்குக் கிடைக்காதது இன்று ஒரு சாதாரணப் பயணிக்குக் கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

கீழிருந்து படியேறினால் தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிஸ்டைல் முற்றம். எகிப்தில் இருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் எட்டுப் பட்டைக் கட்டிடம், டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிக்கொண்ட சமாதி மண்டபம். கிறிஸ்தவர்களைக் கொடூரமாக ஒடுக்கியவர் அவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் 304இல் கொல்லப்பட்டது அந்த ஒடுக்குமுறையில்தான். இன்று அந்தச் சமாதி மண்டபம் டோம்னியஸின் பெயரில் ஊரின் தலைமைத் தேவாலயமாக இருக்கிறது, பேரரசரின் கல் சவப்பெட்டியையோ காணவே காணோம். உள்ளே போவதற்கு முன் ஆந்திரியா புவினா 1214இல் செதுக்கிய மரக்கதவுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இயேசுவின் வாழ்க்கை கட்டம் கட்டமாக அதில் இருக்கிறது.

அப்புறம் திரும்பவும் கடற்கரைப் பக்கம் வந்து தெற்குச் சுவரைப் பாருங்கள். ஒரு காலத்தில் கடல் இந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. மேல்வரிசையில் அரைத்தூண்களும் வளைவுகளும் ஓடுகின்றன, இடைவெளிகளை அடைத்துப் பின்னால் வந்தவர்கள் சன்னல் வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் பச்சை மரக்கதவு, சிலவற்றில் துணி காய்கிறது. பேரரசர் கடலைப் பார்த்தபடி உலாவிய நடைமாடம் அது. இன்னும் மக்கள் குடியிருக்கும் அரண்மனை இது, வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்காமல் நடப்பது மரியாதை.

நேரம் இருந்தால் சலோனாவையும் விட்டுவிடாதீர்கள், ஸ்ப்ளிட்டை ஒட்டிய சோலின் என்ற சிற்றூரில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. டோம்னியஸ் கொல்லப்பட்டதாகச் சொல்லும் அரங்கில் இப்போது அடிவரிசைகள்தான் மிச்சம். 17ஆம் நூற்றாண்டில் துருக்கியர் அதைக் கோட்டையாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று வெனிஸ்காரர்களே இடித்துவிட்டார்கள். நிழல் குறைவு, இடம் பெரிது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ஸ்ப்ளிட்டைப் பார்த்த பிறகு போவது நல்லது, அந்த மக்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.