ரெண்டு காடி, ஒரு உளித் தழும்பு

நம் ஒர்க்‌ஷாப் சாரைப் பற்றி இந்தப் பழைய மாணவர் மலரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அவருடைய காக்கிச் சட்டையையும் பொடி டப்பாவையும் எப்படியும் எழுதிவிடுவார்கள். நான் ஒரு உளித் தழும்பைப் பற்றி எழுதுகிறேன். அதைப் போட்டவன் நான்தான்.

1986, கடைசி வருஷம். ஹாஸ்டலில் என் அறையில் இருந்த ஆனைமலைக்காரன் தன் அப்பிச்சியின் பழைய வண்டியை (மலரைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா) தேங்காய் லோடு ஏற்றி வந்த டெம்போவில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டான். பி.எஸ்.ஏ. பி31, இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். 350 சிசி, ஒற்றை சிலிண்டர். பத்துப் பன்னிரண்டு வருஷம் தோட்டத்துச் சாளையில் சும்மா நின்ற வண்டி. நின்ற இடம்தான் மோசம். ஒரு பக்கம் கட்டுத்தறை, மறுபக்கம் பொட்டாஷ் மூட்டைகள். மூட்டை கசிந்து முன்சக்கரத்தின் மேலேயே உப்பாகப் பூத்திருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. முன்சக்கரத்தை ரெண்டு பக்கமும் தாங்கும் கால்கள், அதாவது முன் ஃபோர்க் மட்டும் கல். ஹேண்டில்பாரைப் பிடித்து ரெண்டு பேர் ஏறி நின்று அமுக்கினாலும் ஒரு நூல் இறங்கவில்லை.

சார் ஒரு வேலையாக ஊருக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வெறி. இங்கிலாந்து வண்டிக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் சேராது, விட்வொர்த் அளவு வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் நாலு நட்டு மூலை மழுங்கிப் போயிருந்தது. எப்படியோ ஒரு காலைக் கழற்றி வைஸில் தலைகீழாகப் பிடித்தோம்.

அந்த ஃபோர்க்கில் ஆயில் சீலைப் பிடித்திருக்கும் ஹோல்டர் ஒரு குரோம் குழாய் மாதிரி இருக்கும். கீழ்க்காலின் மேல் மரையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் புஷ் எதுவும் வெளியே வராது. ஹோல்டரில் எதிரெதிராக ரெண்டு காடி, அதாவது வெட்டுப் பள்ளம், உண்டு. அதற்கென்று கம்பெனி தனியாக ஒரு கருவி செய்திருந்தது. எங்களிடம் இருந்தது உளியும் சுத்தியலும். காடியில் உளியைச் சாய்த்து வைத்து நான் அடித்தேன். நாலாவது அடியில் உளி வழுக்கி, குரோமில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அப்படியும் நிறுத்தவில்லை. அரை மணி நேரம் அடித்தோம்.

மறுநாள் சார் வந்தார். வைஸைப் பார்த்தார். பொடி போட்டுக்கொண்டார்.

"ஏங் கண்ணு, எந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு அடிச்சே?"

"மேல இருந்துங் சார்."

"உனக்கு மேல எது, ஃபோர்க்குக்கு மேல எது?"

தலைகீழாகப் பிடித்திருந்ததால் இடம் வலம் மாறிப்போய், அரை மணி நேரமும் அதை நாங்கள் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். சார் திட்டவில்லை. "ஜி.டி. நாயுடு ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து ரட்ஜ் வண்டி வாங்கிக் கழட்டுனாருன்னு ஊருக்கே தெரியும். திருப்பி மாட்டுனாரு பாரு, அதுதான் சேதி," என்று மட்டும் சொல்லிவிட்டு என்னை உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார். ஃபோர்க் காலின் மேல் நுழைகிற கனமான குழாய்த் துண்டு ஒன்று வேண்டும் என்றார். எடைக்குத்தான் வாங்கினேன்.

லேத்தில் உள்பக்கத்தை ஒரு கீற்று சீவினோம். பிறகு குழாயின் வாயை ரம்பத்தால் அறுத்து, எதிரெதிராக ரெண்டு பல் மட்டும் நிற்கிற மாதிரி அரம் போடச் சொன்னார். நான் போட்டுக் காட்டிய பல்லில் நகத்தை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பல்லின் பக்கம் துளி சாய்ந்திருந்தாலும் திருப்பும்போது காடியை விட்டு ஏறிக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரியாத வரைக்கும் அராவு என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அதுதான் வேலை. கடைசியில் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்ததும் கைப்பிடி ஆயிற்று.

கருவி தயார், திருப்பலாம் என்று போனால் விடவில்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து, வேட்டிக் கிழிசலை நனைத்து மரையைச் சுற்றிக் கட்டச் சொன்னார். மூணு நாள். காலையும் மாலையும் துணியை நனைத்துவிட்டு, செம்புச் சுத்தியலால் சுற்றிவரத் தட்ட வேண்டும், கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால்தான் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகுகிறது என்று அவர் சொன்னது வகுப்பில் வேதியியல் நடத்தியதைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது.

நாலாம் நாள் மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுத்த பிறகே ப்ளோ லேம்பைப் பற்றவைத்தார். ஹோல்டரை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் சுர்ரென்று போகிற பதம். உள்ளே சீல் கருகித்தான் போகும், அது எப்படியும் புதுசு போட வேண்டியதுதானே. குழாயை ஏற்றி, காடியில் பல்லை உட்கார வைத்து, "இப்பத் திருப்பு கண்ணு, எந்தப் பக்கம்னு யோசிச்சுட்டு" என்றார். டக் என்று ஒரு சத்தம். நான் பல் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் மரையின் விளிம்பில் காப்பிப்பொடி மாதிரி துரு உதிர்ந்திருந்தது. கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. அப்படியே கையோடு வந்துவிட்டது.

அடுத்த காலில் நாங்கள் உளி வைக்காததால் அது பத்தே நிமிஷம். குழி விழுந்த உள்குழாய்கள் கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்கு ஹார்டு குரோமுக்கும் கிரைண்டிங்குக்கும் போய் வந்தன. வண்டி பரீட்சைக்கு முன்னால் ஆனைமலைக்குத் தன் காலிலேயே போனது.

நான் இப்போது இருப்பது பர்மிங்ஹாமில். அந்த பி.எஸ்.ஏ. பிறந்த ஸ்மால் ஹீத் இதே ஊர்தான். சில வருஷத்துக்கு முன் பழைய சாமான் சந்தை ஒன்றில், டார்ப்பாலின் மேல் கிடந்தது அந்தக் கம்பெனிக் கருவி. 61-3005 என்று எண் குத்தியிருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். சார் அதற்கு முந்தின வருஷமே தவறிவிட்டிருந்தார்.

ஆனைமலையில் நண்பன் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினான். இடது ஹோல்டரில் கட்டைவிரலை வைத்தேன். தழும்பு அப்படியே இருந்தது. புதுசு வாங்கி மாட்டியிருக்கலாமே என்றேன். "அப்புறம் உன்னை எதை வெச்சு ஓட்டுறது?" என்றான்.

கம்பெனிக் கருவியைக் கொடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய உக்கடத்துக் குழாயைக் கேட்டேன். ரெண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனிக் கருவியை என் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தான்.

"இது நீயே வெச்சுக்கோ. இங்க ஆணி ஒண்ணுதான் இருக்குது."