மூசைக்கு முன்னால் முடிந்துவிடும் கணக்கு

தங்கம் இருக்கிறதா என்று மலையகத்தில் பரிசோதனைக்கு வரும் கல்லில் அநேகம் மஞ்சளாக மினுங்கும் துண்டுதான். தோட்டத்து ஓடையில் எடுத்தது என்றால், பெரும்பாலும் உக்கிப் பொன்னிறமாகிப்போன மைக்கா, இல்லையென்றால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். ஊசியால் குத்தினால் தங்கத்தில் பள்ளம் விழும், பைரைட் நொறுங்கும், மைக்கா ஏடு ஏடாகக் கழரும். பூச்சில்லாத ஓட்டில் உரசினால் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். இதற்கு உலையே தேவையில்லை.

ஆனாலும் பைரைட் என்றதும் கல்லை வீசிவிடக் கூடாது. பல உலோகங்கள் கலந்த தாதில் தங்கம் பைரைட்டுக்குள்ளும் ஆர்செனிக் கலந்த ஆர்செனோபைரைட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளி பெரும்பாலும் ஈயத் தாதான கலேனாவோடு வரும். எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே, எதற்குள் இருக்கிறது என்பதும் முக்கியம்.

தங்கத்தின் அளவு பிழையாவது பெரும்பாலும் உலையில் அல்ல, மாதிரி எடுக்கும்போதே. 0.1 மில்லிமீட்டர் கனசதுரமான ஒரு தங்கத் துகளின் நிறை 0.019 மில்லிகிராம். 30 கிராம் மாதிரிக்குள் அது ஒன்று விழுந்தால், டன்னுக்கு 0.64 கிராம் என்று வரும். துகள் 0.2 மில்லிமீட்டர் என்றால் 5 கிராமைத் தாண்டும். அதே பையிலிருந்து அடுத்த 30 கிராமில் ஒன்றுமே இராது. பருந்தங்கம், அதாவது பெரிய துகளான தங்கம், இருக்குமென்று சந்தேகம் வந்தால் ஒரு கிலோவை அரைத்து 106 மைக்ரோன் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை முழுவதுமாகவும், கீழே விழுந்ததிலிருந்து எடுத்த இரண்டு தனித்தனி மாதிரிகளையும் உருக்க வேண்டும். தங்கம் தட்டையாகி அரைக்கும் தட்டில் ஒட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் வெறும் குவார்ட்ஸ் மணலை அரைப்பதை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை.

உருக்கும்போது கந்தகத் தாதுதான் தொல்லை. ஈய ஒட்சைட், சோடா, வெண்காரம், சிலிக்கா ஆகியவற்றோடு தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு அடியில் இறங்கும் ஈயத்தைப் பிரிக்கக் கோதுமை மாவும் போடுகிறோம். ஒரு கிராம் மா 10 முதல் 12 கிராம் ஈயத்தை இறக்கும். பைரைட்டும் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கிவிடும். நமக்கு வேண்டிய ஈயக் கட்டி 25 முதல் 40 கிராம்தான். மாதிரியில் 10 கிராம் பைரைட் இருந்தால் மா போடாமலேயே கட்டி பெருத்துவிடும். ஈய ஒட்சைட் போதாமல் போனால் ஈயத்துக்கும் கசடுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், தட்டினால் நொறுங்கும் ஒரு படலம் நிற்கும். தங்கமும் வெள்ளியும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மாதிரியைக் குறைக்க வேண்டும், அல்லது வெடியுப்புச் சேர்த்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும்; அவசரப்பட்டால் மூசை (உருக்கும் மண் பாத்திரம்) பொங்கி வழியும்.

அடுத்து ஈயக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் சூடாக்கினால் ஈயம் போய், தங்கமும் வெள்ளியும் ஒரு சிறு மணியாக மிஞ்சும். செம்பு அதிகமென்றால் அந்தக் கிண்ணத்தில் ஈயம் பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். அதைப் புது ஈயத்தோடு மறுபடி உருக்கித்தான் செம்பைக் கழற்ற வேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து ஈரத்தில், கிண்ணத்தை ஈயம் வைப்பதற்கு முன் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் உலையில் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் தெறித்துப் பக்கத்துக் கிண்ணத்தையும் கெடுக்கும். விளிம்பில் இறகுபோல ஈய ஒட்சைட் படிந்தால் வெப்பம் வெள்ளிக்குச் சரி. படியாவிட்டால் சூடு கூடிவிட்டது, வெள்ளி போகிறது. கடைசி மணியில் தங்கத்தைப்போல் மூன்று மடங்காவது வெள்ளி இல்லாவிட்டால், வெள்ளியைக் கரைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் நைத்திரிக் அமிலம் உள்ளே கடிக்காது.

இலங்கையில் பெயர் சொல்லும் செம்புத் தாது மலையகத்தில் இல்லை. 1971இல் கண்டறியப்பட்ட சேருவில செம்பு-மக்னடைட் (காந்த இரும்புத் தாது) படிவு கிழக்கே உள்ளது. இத்தகைய செம்புத் தாதில் தங்கம் இருந்தால், செம்பை மின்சாரத்தால் சுத்திகரிக்கும்போது அடியில் படியும் அனோட் சேற்றில் தங்கி வருவதே வழி. தங்கத்தைச் சயனைடில் கரைக்கப் போனால் மலகைட், கல்கோசைட் போன்ற செம்புத் தாதுகள் சயனைடைக் குடித்துத் தீர்க்கும். ஆர்செனோபைரைட்டுக்குள் பூட்டியிருக்கும் தங்கத்தை, எவ்வளவு அரைத்தாலும் வறுக்காமலோ அழுத்தத்தில் ஒட்சியேற்றாமலோ எடுப்பது கடினம். ஆகவே அறிக்கையில் தங்கத்தோடு செம்பு, கந்தகம், ஆர்செனிக் அளவுகளையும் கேளுங்கள். 75 மைக்ரோனுக்கு அரைத்துச் சயனைடில் கரைத்த பின், கரையாமல் எவ்வளவு தங்கம் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிய, மீந்த பொடியை மறுபடி உருக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள்.